தூசி பிறக்கும் இடத்திலேயே பிடிப்போம்

சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கி, வங்கிக் கடனில் பாதியாவது அடைந்ததும் நம்மவர்கள் எடுத்துக்கொள்ளும் அடுத்த காரியம் தச்சு வேலை. சமையலறைக்கு அலமாரிகள், படுக்கையறைக்கு ஆளுயர பீரோ, ஹாலில் புத்தகங்களுக்கும் டி.வி.க்கும் ஒரு தட்டு, சுவாமிக்கு ஒரு சிறு மண்டபம் என்று பட்டியல் நீளும். மும்பையில் பெரும்பாலும் மிஸ்திரி இவற்றைத் தன் பட்டறையில் செய்து கொண்டுவந்து தருவதில்லை. பிளைவுட் பலகைகளை நம் வீட்டுக்கே ஏற்றி, நம் ஹாலையே பட்டறையாக்கி, ஒரு மாதமோ இரண்டு மாதமோ அங்கேயே அறுத்து, இழைத்து, தேய்த்து முடித்துக் கொடுக்கிறார்.

டோம்பிவிலியில் உள்ள எங்கள் ஃபிளாட்டில் 2022-ஆம் ஆண்டு இப்படி ஆறு வாரம் வேலை நடந்தது. அப்போது நான் பட்ட பாட்டையும், அதற்குக் கண்டுகொண்ட ஒரு எளிய வழியையும் நம் சங்கத்து அன்பர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். மின்சாரக் கருவிகளை ஒரு வாக்குவம் கிளீனரோடு குழாய் போட்டு இணைப்பதுதான் அந்த வழி. கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். சரியாகச் செய்ய நான்கைந்து விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை தொடங்கிய மூன்றாம் நாளே வீடு முழுவதும் மாவு தூவியது போல் ஆகிவிட்டது. மூடிய அறைக்குள் இருந்த தலையணை உறையிலும், சமையலறை டப்பாக்களின் மேலும் மெல்லிய வெள்ளைப் படலம். என் மனைவி ஒரு நாளைக்கு நான்கு முறை பெருக்கினாள். பெருக்கப் பெருக்கத் தூசி எழுந்து மறுபடி படிந்ததே தவிரக் குறையவில்லை. ஆறு வயதுப் பேரனுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. நான்காம் நாள் இரவு அவன் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. மறுநாள் காலை அவனை முலுண்டில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

பேரனை அனுப்பியாயிற்று. மிஸ்திரியை எங்கே அனுப்புவது? அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இருபத்தைந்து வருடமாக இதே தொழில். காலையில் வந்து கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே கால் மணி நேரம் இருமுவார். "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டேன். "ஆதத் ஹோ கயி, அங்கிள்" என்று சிரித்தார். பழகிவிட்டதாம். மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தார். அன்று மாலை அவர் அதை அவிழ்த்தபோது, கைக்குட்டையின் உள்பக்கமும் வெள்ளையாக இருந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் இதை விசாரித்துப் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

கண்ணுக்குத் தெரியாததே கெடுதல்

ரம்பத்தின் கீழே குவியாகக் கிடக்கும் மரத்தூள் பெரிய ஆபத்தில்லை. அது விழுந்த இடத்தில் கிடக்கும், அள்ளிக் கொட்டிவிடலாம். ஆபத்து அதோடு சேர்ந்து பிறக்கும் நுண்தூசியில் இருக்கிறது. நம் தலைமயிர் ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்குக் குறைந்த துகள்கள் மூக்கின் காவலைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். 2.5 மைக்ரானுக்கும் குறைந்தவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. காற்று அசையாத அறையில் 10 மைக்ரான் துகள் ஒன்று ஆளுயரத்திலிருந்து தரைக்கு இறங்கப் பத்து நிமிடம் போல ஆகும். 2.5 மைக்ரான் துகளுக்கு மணிக்கணக்கில் ஆகும். நம் வீட்டிலோ தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தரையில் படிய விடுவதேயில்லை. மிஸ்திரி மாலை ஆறு மணிக்கு வேலையை முடித்துவிட்டுப் போகிறார், நாம் எட்டு மணிக்கு அதே ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவர் மதியம் அறுத்த பலகையின் நுண்தூசியைச் சேர்த்துத்தான் மூச்சில் வாங்குகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-ஆம் ஆண்டிலேயே மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. மூக்கின் உட்பகுதியிலும் அதை ஒட்டிய எலும்புக் குழிவுகளிலும் வரும் புற்றுநோயைத்தான் அது முக்கியமாகச் சுட்டுகிறது. வருடக்கணக்கில் தூசியில் வேலை செய்பவர்களைப் பற்றிய எச்சரிக்கை இது. ஆறு வாரம் தூசி பட்ட குடும்பம் பீதியடைய வேண்டியதில்லை. ஆஸ்துமா, வீசிங், தோல் அரிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் ஆறு வாரமே அதிகம். பிளைவுட்டையும் எம்.டி.எஃப். பலகையையும் ஒட்டும் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு கலந்திருக்கும். அதையும் அதே முகமை 2004-இல் முதல் வகுப்பில் வைத்தது. இந்தப் பலகைகளை அறுக்கும்போது வரும் தூசி மற்ற மரத்தின் தூசியைவிட மென்மையாக, மாவு போலவே இருக்கும் என்பதை வேலை நடந்த வீட்டார் அறிவார்கள்.

இதற்கு மருந்து என்ன? நம் நாட்டில் முன்பு நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தூசியையும் புகையையும் பற்றியதாக இருந்தது. தூசியை உறிஞ்சும் சாதனத்தைத் தூசி பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும், அந்த இடத்தை முடிந்தவரை மூடவும் வேண்டும் என்பது அதன் சாரமாக இருந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தும், வீடு வீடாகப் போய் வேலை செய்யும் மிஸ்திரிக்கு அது எட்டவில்லை. நம் ஹால் தொழிற்சாலை இல்லையே! ஆனால் அந்த வாசகத்தில் உள்ள அறிவு நம் ஹாலுக்கும் பொருந்தும். பறந்துவிட்ட தூசியைத் துரத்திப் பிடிக்க முடியாது. ரம்பத்தின் வாயிலேயே பிடிக்க வேண்டும்.

எந்த வாக்குவம்?

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சிறிய வாக்குவம் கிளீனரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். நான் முதலில் அதைத்தான் செய்தேன். அரை மணி நேரத்தில் அதன் பை அடைத்துக்கொண்டது. பையைத் தாண்டிப் போன தூசி மோட்டாருக்குள் புகுந்து ஒரு வாடை வந்தது. வாங்க வேண்டியது ஈரம், உலர்வு இரண்டையும் இழுக்கும் வகை. பீப்பாய் போல் உருண்டையாக, கீழே சக்கரத்தோடு இருக்கும். 1200 முதல் 1400 வாட் மோட்டாரும், 20 லிட்டருக்குக் குறையாத தொட்டியும் இருந்தால் வீட்டு வேலைக்குப் போதும். வேலை முடிந்த பிறகு கார் கழுவவும், பாத்ரூமில் தேங்கும் தண்ணீரை இழுக்கவும் அதுவே உதவும்.

இதில் மூன்று வடிகட்டிகள் பற்றிப் பேச வேண்டும். ஸ்பாஞ்ச் உறை தண்ணீர் இழுப்பதற்கு மட்டுமே. உலர்ந்த தூசிக்கு அதைப் போட்டால் நுண்தூசி அப்படியே பின்பக்கமாக வெளியே வந்து அறையில் பரவும். உலர்ந்த தூசிக்கு மடிப்பு மடிப்பாக இருக்கும் உருளை வடிகட்டி வேண்டும். 'ஹெபா' வகை கிடைத்தால் மிக நல்லது. அது 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். மூன்றாவது, தொட்டிக்குள் மாட்டும் துணிப் பை. பலர் செலவு மிச்சம் என்று இந்தப் பையை விட்டுவிடுகிறார்கள். பை இருந்தால் உருளை வடிகட்டி அடைபடாமல் நாள்கணக்கில் இழுவை குறையாது. கொட்டும்போதும் தூசி கிளம்பாது.

பெரிய பட்டறைகளில் 100 மில்லிமீட்டர் குழாயோடு ஒரு பெரிய தூசி யந்திரம் பார்த்திருப்பீர்கள். அது நிறையக் காற்றை மெதுவாக இழுப்பது. மேஜை ரம்பம், இழைப்பு யந்திரம் போன்றவற்றுக்கு ஏற்றது. நம் வாக்குவம் குறைந்த காற்றைப் பலமாக இழுப்பது. சிறு குழாய் வாய் உள்ள கைக்கருவிகளுக்கு ஏற்றது. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

குழாயும் வாயும் பொருந்த வேண்டும்

இங்கேதான் எல்லோரும் திணறுவார்கள். வாக்குவத்தின் ஹோஸ் ஓர் அளவு, சாண்டரின் வாய் இன்னோர் அளவு, ரம்பத்தின் வாய் வேறோர் அளவு. ஒரே கம்பெனியின் இரண்டு கருவிகளே ஒத்துப்போவதில்லை. எனவே முதலில் வெர்னியர் அளவுகோலால் நான்கு அளவுகள் எடுத்துக் காகிதத்தில் குறியுங்கள்: ஹோஸ் முனையின் உள்விட்டம், வெளிவிட்டம், கருவி வாயின் உள்விட்டம், வெளிவிட்டம். எது எதற்குள் போகும் என்பது இதைப் பார்த்தால் புரிந்துவிடும். நான் இதைச் செய்யாமல் கண்ணளவில் ஒரு ரப்பர் அடாப்டர் வாங்கி வந்து, இரண்டு முறை நாக்தேவி தெருவுக்கு அலைந்தேன்.

அடாப்டர் கிடைக்காவிட்டால் பிளம்பிங் கடையில் தீர்வு இருக்கிறது. பி.வி.சி. குழாய் 25, 32, 40, 50 மில்லிமீட்டர் வெளிவிட்டத்தில் கிடைக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும் ரெட்யூசரும் கிடைக்கும. ஹோஸின் முனையைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே பொருத்திப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருந்தால், குழாயின் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்தால் இளகும். உடனே கருவியின் வாயில் மெல்ல அழுத்தி ஆறவிட்டால் அதே வடிவத்தில் நின்றுவிடும். கருவியை மின்சாரத்திலிருந்து கழற்றி, ஈரம் உள்ளே போகாமல் துடைத்துக்கொண்டு செய்யுங்கள். நெருப்பில் நேராகக் காட்ட வேண்டாம், பி.வி.சி. கருகினால் வரும் புகை மூச்சுக்குக் கெடுதல்.

இரண்டு மில்லிமீட்டர் அதிகமாக, தொளதொள என்று இருந்தால் சைக்கிள் கடைக்குப் போங்கள். பழைய ட்யூபில் பத்து சென்டிமீட்டர் வெட்டி வாங்கி, இணைப்பின் மேல் உறைபோல் இழுத்துவிட்டு, இரு பக்கமும் ஹோஸ் கிளிப் போட்டு முடுக்கினால் காற்று கசியாது. மிஸ்திரி இதைப் பார்த்துத்தான் முதல் முறையாக என்னை மதித்தார் என்று நினைக்கிறேன்.

ஒரு விதி மட்டும் மறக்கக் கூடாது. குழாயின் விட்டம் பாதியானால் காற்றுப் போகும் வழி கால் பங்காகிவிடும். ஆகவே சிறிய குழாயை நீளமாகப் போடாதீர்கள். பெரிய ஹோஸைக் கருவி வரை கொண்டுவந்து, கடைசிக் கையளவில் மட்டும் சிறிதாக்குங்கள். ஹோஸின் மொத்த நீளமும் மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் இருக்கட்டும். ஜன்னல் கம்பியிலோ மேலே ஒரு கொக்கியிலோ கயிற்றால் அதைத் தூக்கிக் கட்டினால் பலகையின் விளிம்பில் சிக்கி ரம்பத்தை இழுக்காது.

கருவிக்குக் கருவி வேறுபாடு

நல்ல பலன் தருவது வட்ட சாண்டர். அதன் அடித்தட்டிலுள்ள துளைகள் வழியாகத் தூசி உள்ளே இழுக்கப்படும். உப்புத்தாளில் உள்ள துளைகள் தட்டின் துளைகளோடு நேராக ஒட்டப்பட்டிருக்க வேண்டும். மலிவு என்று துளையில்லாத தாளை ஒட்டினால் வாக்குவம் சும்மா சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். இழுவை அதிகமானால் சாண்டர் பலகையோடு ஒட்டிக்கொண்டு வட்டக் கீறல் விழும். ஹோஸின் கைப்பிடியில் உள்ள சிறு ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டால் சரியாகும். தூசி உடனுக்குடன் போய்விடுவதால் உப்புத்தாள் அடைபடாமல் அதிக நேரம் உழைக்கும் என்பது கூடுதல் லாபம்.

அடுத்தது ரம்பம். நம் ஊர்களில் பல மிஸ்திரிகள் கல் அறுக்கும் மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டிப் பிளைவுட் அறுக்கிறார்கள். கல்லுக்காகச் செய்த கருவி அது. மரம் அறுக்க அது பாதுகாப்பானதும் அல்ல. பெரும்பாலானவற்றில் தூசி போக வாயும் கிடையாது. தூசி வாய் உள்ள வட்ட ரம்பத்தை மிஸ்திரியிடம் கேளுங்கள், இல்லையென்றால் வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். பிளேடின் ஆழத்தைப் பலகையின் கனத்தைவிட மூன்று மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக வையுங்கள். அடியில் ஒரு பழைய பிளைவுட் பலகையை முழுதாகப் படுக்க வைத்து அதன் மேல் அறுத்தால், கீழ்ப்பக்கமாகச் சிதறும் தூளுக்கு வழி அடைபட்டு, அது மேலே உள்ள வாய்க்கே வந்து சேரும். இந்த ஒரு மாற்றத்தால் எங்கள் வீட்டில் தெரிந்த வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல.

சன்மைக்கா விளிம்பு வெட்டும் ட்ரிம்மரும் ரூட்டரும் தூளைச் சுழற்றி எறிபவை. இவற்றுக்குப் பிளாஸ்டிக்கால் ஆன தூசி மூடி தனியாகக் கிடைக்கும். பலகையின் நடுவில் பள்ளம் தோண்டும்போது அது நன்றாகப் பிடிக்கும். விளிம்பில் வெட்டும்போது பாதிதான் கிடைக்கும். அந்த வேலையைப் பால்கனியில் செய்வது நல்லது. ஜிக்ஸா என்னும் ஊசி ரம்பத்திலும் அப்படியே, பலகைக்குக் கீழே விழுவதைத் தடுக்க முடியாது.

சுவரில் டிரில் செய்யும்போது குழாய் மாட்ட வாய் இருக்காது. ஒருவர் ஹோஸின் முனையைத் துளைக்கு ஒட்டினாற்போல் கீழே பிடித்துக்கொண்டால் போதும். கான்கிரீட் தூசியை மரத்தூசியைவிடச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அதில் உள்ள படிக சிலிக்காவையும் 1997-இல் அதே முதல் வகுப்பில் வைத்திருக்கிறார்கள். சுவர்ப் புட்டி தேய்ப்பதும் இதே ரகம். இந்த வேலைகளுக்குக் கட்டாயம் பை மாட்டியிருக்க வேண்டும்.

நடுவில் ஒரு வாளி

தொட்டி சீக்கிரம் நிறைகிறதே என்று சலிப்பவர்களுக்கு ஒரு உபாயம். கூம்பு வடிவில் 'சைக்ளோன்' என்று ஒரு பிளாஸ்டிக் உறுப்பு விற்கிறது. அதை 20 லிட்டர் பெயின்ட் வாளியின் மூடியில் துளையிட்டுப் பொருத்தி, கருவிக்கும் வாக்குவத்துக்கும் நடுவில் இணைக்க வேண்டும். உள்ளே வரும் காற்று சுழலும்போது கனமான தூள் ஓரத்துக்கு ஒதுங்கி வாளியில் விழுந்துவிடும். நுண்தூசி மட்டும் வாக்குவத்துக்குப் போகும். எங்கள் வீட்டில் பெரும்பகுதித் தூள் வாளியில்தான் கிடைத்தது.

மூடியைச் சுற்றிக் காற்றுக் கசிந்தால் இந்த வித்தை பலிக்காது. ஃபோம் பட்டையோ சிலிக்கான் பசையோ போட்டு அடையுங்கள். வாளி கனமானதாகவும் இருக்க வேண்டும். நான் மெல்லிய வாளி ஒன்றை வைத்திருந்தேன். ஒரு நாள் மரச் சீவல் ஹோஸில் அடைத்துக்கொண்டதும், இழுவை தாங்காமல் வாளி 'டப்' என்ற சத்தத்தோடு உள்வாங்கி நசுங்கிவிட்டது. மிஸ்திரியின் உதவியாளப் பையன் பயந்து பால்கனிக்கு ஓடினான்.

மின்சாரத்தில் கவனம்

1400 வாட் வாக்குவம் 230 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் எடுக்கும். ரம்பமும் அதே அளவு எடுத்தால் இரண்டும் சேர்ந்து 12 ஆம்பியர். சுவரில் உள்ள சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி இரண்டையும் ஓட்டினால் பிளக் சூடாகி உருகும். கீசருக்கோ ஏ.சி.க்கோ போட்டிருக்கும் 16 ஆம்பியர் பாயின்ட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக, எர்த்தோடு இருக்கட்டும். சுருட்டி வைக்காமல் முழுவதும் பிரித்துப் போடுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் வேலை தொடங்குமுன் எலக்ட்ரீஷியனை அழைத்துப் போட்டுவிடுங்கள்.

இரண்டையும் ஒரே சுவிட்சில் இணைத்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. அது ஆபத்து. ரம்பத்தின் பூட்டு பட்டன் அழுந்தியிருக்கும்போது வேறொருவர் சுவிட்சைப் போட்டால், ரம்பம் தரையில் கிடந்தபடியே சுற்றத் தொடங்கும். வாக்குவத்துக்குத் தனி சுவிட்ச், கைக்கெட்டும் இடத்தில், அதுவே சரி. முதலில் வாக்குவம், பிறகு கருவி. நிறுத்தும்போது முதலில் கருவி, பத்து விநாடி கழித்து வாக்குவம். அந்தப் பத்து விநாடியில் ஹோஸில் மீதியிருக்கும் தூசியும் உள்ளே போய்விடும். சில வாக்குவங்களில் கருவியை மாட்டுவதற்கென்றே ஒரு சாக்கெட் இருக்கும். கருவியைத் தட்டினால் வாக்குவம் தானே ஓடும். அந்தச் சாக்கெட்டில் எத்தனை வாட் வரை மாட்டலாம் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் ஹோஸில் தூசி உரசிப் போவதால் உலர்ந்த நாள்களில் சுரீர் என்று ஒரு ஷாக் அடிக்கும். ஈரக்காற்று வீசும் மும்பையில் இது குறைவு. டில்லிக் குளிர்காலத்தில் அதிகம். உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும் ரம்பம் பிடித்த கை திடுக்கிடக் கூடாது. 'ஆன்டி ஸ்டாட்டிக்' ஹோஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

செய்யக் கூடாதவை

இரும்பு அறுக்கும் கிரைண்டரை ஒருபோதும் இந்த வாக்குவத்தோடு இணைக்கக் கூடாது. பறக்கும் தீப்பொறி ஒன்று மரத்தூள் நிறைந்த தொட்டிக்குள் போனால், உடனே தெரியாமல் உள்ளேயே கனன்று, எல்லோரும் தூங்கிய பிறகு பற்றிக்கொள்ளும். பழைய மரத்தைத் தேய்க்குமுன் ஆணிகளைப் பிடுங்குவதும் இதற்காகவே. தொட்டியையும் வாளியையும் அன்றன்றைக்கே காலி செய்யுங்கள். தூளைப் பையில் கட்டிக் கொட்டுங்கள். பால்கனியிலிருந்து உதறினால் கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், அதில் நியாயமும் இருக்கிறது.

வாக்குவம் இருக்கிறதே என்று முகமூடியை விட்டுவிடவும் கூடாது. எந்த ஏற்பாடும் நூற்றுக்கு நூறு பிடிப்பதில்லை. கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. 2020-இல் நாமெல்லாரும் பழகிக்கொண்ட என்-95 முகமூடியே வேண்டும், அதுவும் மூக்கின் ஓரம் இடைவெளி இல்லாமல். வேலை முடிந்த பிறகு வறண்ட துடைப்பத்தால் பெருக்காமல், வாக்குவத்தால் இழுத்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை நடக்கும்போது ஃபேனை நிறுத்தி, மற்ற அறைக் கதவுகளைச் சாத்தி, அடியில் ஈரத்துணி வையுங்கள்.

மிஸ்திரி சொன்னது

முதல் நாள் நான் ஹோஸை மாட்டியபோது மிஸ்திரி முகம் சுளித்தார். "காம் ஸ்லோ ஹோகா" என்றார். குழாய் கையில் இடிக்கிறது, சத்தம் அதிகம் என்றெல்லாம் குறைபட்டார். அதில் உண்மையும் இருந்தது. சத்தத்துக்காகக் காதில் வைக்க ஃபோம் அடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவரே ஒரு விஷயம் சொன்னார். முன்பெல்லாம் அறுக்கும்போது பென்சில் கோட்டை வாயால் ஊதி ஊதிப் பார்க்க வேண்டியிருக்குமாம். இப்போது கோடு தெளிவாகத் தெரிகிறது என்றார். மாலையில் கூட்டிப் பெருக்கும் முக்கால் மணி நேரமும் மிச்சமாயிற்று. அந்த நேரத்தில் அவர் டோம்பிவிலி ஸ்டேஷனில் ஒரு வண்டி முன்னதாகவே ஏற முடிந்தது. எங்களுக்கும் ஆறுதல். சமையலறை டப்பாக்களின் மேல் படலம் படிவது ஏறக்குறைய நின்றுவிட்டது. வேலை முடிந்து, வீடு முழுவதும் இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்த பிறகு பேரனை அழைத்து வந்தோம். வீசிங் இல்லாமல் தூங்கினான்.

மிஸ்திரியின் இருமல் என்னாயிற்று என்று கேட்பீர்கள். இருபத்தைந்து வருடத் தூசி ஒரு வாக்குவத்தால் போய்விடாது. கடைசி வாரம் அவரை வற்புறுத்தி மார்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மருந்தும், இனி தூசி படக் கூடாது என்ற கண்டிப்பும் கிடைத்தன. தச்சரிடம் தூசி படக் கூடாது என்றால் அவர் எங்கே போவார்? கணக்கு முடித்த அன்று, எனக்கு இனி தேவையில்லாத அந்த பி.வி.சி. இணைப்புகளையும் சைக்கிள் ட்யூப் துண்டுகளையும் கேட்டு வாங்கித் தன் பெட்டியில் போட்டுக்கொண்டார். வாளியையும் சைக்ளோனையும் நானே கொடுத்தேன். அடுத்த வீட்டுக்காரரிடம் வாக்குவம் வாங்கச் சொல்லிக் கேட்பதாகச் சொன்னார். உதவியாளப் பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். அவன் இன்னும் இருமத் தொடங்கவில்லை.

அன்பர்களே, உங்கள் வீட்டில் தச்சு வேலை தொடங்கும்போது பிளைவுட், சன்மைக்கா, கீல், கைப்பிடி என்று எஸ்டிமேட் போடுவீர்கள். அந்தத் தாளில் வாக்குவம், பைகள், முகமூடி என்று இன்னொரு வரியையும் சேர்த்து எழுதுங்கள். மொத்தச் செலவில் அது சிறு தொகைதான். ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். அளவெடுப்பதில் சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஹோஸின் முனையைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். வெர்னியரோடு நான் இருப்பேன்.